வராதவரின் கணக்கு

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94 காட்டுகிறது. அதே ஆளின் மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தைச் சோதித்தால் ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு எழுதிய சிறு கடிதம் இதைத்தான் சொன்னது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் வெள்ளை நோயாளிகளின் அளவீடுகளில் 3.6 சதவீதத்தில் இப்படி ஒரு பள்ளம் மறைந்திருந்தது. கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில். மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் ஒருவரிடம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஓர் எண் சொல்கிறது. அந்த எண்ணை எழுதிக்கொள்ளும் செவிலியருக்கு யார்மீதும் வன்மம் கிடையாது. கருவியைச் செய்தவருக்கும் கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு படுக்கை காலியாக இருக்கும் இரவில் யாரை உள்ளே எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதில் தோலின் நிறம் புகுந்துவிடுகிறது. வெறுப்பு இருக்கும் இடத்தில் அதை அடையாளம் காணலாம், எதிர்த்து நிற்கலாம். வெறுப்பே இல்லாத இடத்திலும் அதே ஆள்தான் வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்றால் யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

கருவியின் வேலை எளிமையானது. கவ்வியின் ஒரு தாடையிலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் போகின்றன. எவ்வளவு வெளியே வந்தது என்று மறு தாடை பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பொளியைப் போக விடும், ஏறாத ரத்தம் விழுங்கும். நாடித் துடிப்போடு சேர்ந்து கூடிக் குறைகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் எலும்பும் நகமும் தோலும் கழிந்துபோய் ரத்தம் மட்டும் மிஞ்சும் என்பது ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ ஆவோயாகி 1970களில் கண்டுபிடித்த வழி. உலகத்தில் மயக்க மருந்து கொடுக்கப்படும் மேசைகள் அந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கின்றன. ஆனால் தோல் முழுவதும் கழியவில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளி உள்ளே போவதைத் தடுக்கிறது. ஒளியின் அளவை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றுவதற்கு ஒரு வளைகோடு வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, அவர்கள் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அந்தக் கோட்டை வரைகிறார்கள். அந்தத் தன்னார்வலர்கள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டி, பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் அதில் கறுத்த தோல் உடையவர் இரண்டு பேராவது இருக்கட்டும் என்று சொன்னது. கறுத்த தோலில் கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்று 2005-லேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் சோதித்து எழுதியிருந்தார்கள். அதைத் தேடி எடுத்து 2020 ஆகஸ்டில் பொதுவாசகர் முன் வைத்தவர் ஏமி மோரன் தாமஸ் என்ற மானுடவியலாளர். அந்தக் கட்டுரைக்குப் பிறகே மிச்சிகன் மருத்துவர்கள் தங்கள் பதிவேடுகளைப் புரட்டினார்கள். பதினைந்து ஆண்டுகளாக எல்லோர் கண்முன்னும் இருந்த உண்மை அது. மறைத்தவர் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இங்கே ஒரு தயக்கம் வருகிறது. மெலனின் ஒளியைத் தடுப்பது இயற்பியல். அதில் இனம் எங்கே வந்தது, வறுமை எங்கே வந்தது என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். கருவி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்றும் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அந்தக் கவ்வி இல்லாத தெரு இல்லை. மருந்துக்கடையில் கேட்ட விலைக்கு வாங்கி, காலையும் மாலையும் விரலை நீட்டி, 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தோம். என் விரல் நல்ல கறுப்பு. நகத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சம் கசிவதைப் பார்த்துக்கொண்டு, இலக்கம் நடுங்கி நிலைகொள்வதற்காகக் காத்திருந்த நேரங்களில், இந்தக் கோடு யாருடைய விரலை வைத்து வரையப்பட்டது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் இயற்பியல் மட்டும் கதையை முடித்து வைப்பதில்லை. ஒளி எந்தத் தோலில் எவ்வளவு தடைபடும் என்பதை இயற்கை தீர்மானிக்கிறது. அந்தத் தடையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதை ஒரு சமூகம் தீர்மானிக்கிறது, யாருடைய உடம்பை அது பொதுவான உடம்பு என்று எண்ணிக்கொள்கிறதோ அதைப் பொறுத்து.

தோலைக் கணக்கில் சேர்க்காத இந்தக் கருவிக்கு நேர் எதிராக, இனத்தைக் கணக்கில் சேர்த்த ஓர் அளவையும் அமெரிக்காவில் இருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை எடுத்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுவார்கள். 1999-இல் வந்த சூத்திரத்தின் சுருக்கிய வடிவத்தில் நான்காவதாக ஒரு கேள்வியும் இருந்தது: கறுப்பினத்தவரா? ஆம் என்றால் விடையை 1.21-ஆல் பெருக்கு. 2009-இல் வந்த அடுத்த சூத்திரத்தில் அது 1.159 ஆனது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியேட்டினினும் அதிகம் என்று ஒரு விளக்கம். ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரியில் அந்த வித்தியாசம் இருந்தது உண்மைதான். சராசரியை எடுத்து ஒவ்வோர் ஆளின் தலையிலும் கட்டினார்கள். ஆய்வகத் தாளில் இரண்டு வரிகள் அச்சாகின, ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் இந்த எண், இல்லையென்றால் அந்த எண் என்று. டெட்ராய்டில் இருக்கும் ஒரு தமிழரை நினைத்துப்பார்க்கிறேன். மதுரைப் பக்கத்துக் கறுப்பு. அவர் விரலில் மாட்டும் கருவிக்கு அவருடைய தோல் மட்டும் தெரியும், பெயரும் ஊரும் தெரியாது; அது அவர் பக்கத்துப் படுக்கைக் கறுப்பரை ஏமாற்றுவதுபோலவே அவரையும் ஏமாற்றக்கூடும். அன்றைய சிறுநீரகத் தாளுக்கோ அவருடைய படிவம் மட்டும் தெரியும், தோல் தெரியாது. அது அவரை வெள்ளைக்காரர் வரியில் போட்டுவிடும். தாய் வெள்ளை, தந்தை கறுப்பு என்றால் எந்த வரி? இனம் என்பது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருள் என்பதுபோல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் நீட்டப்படும் படிவத்தின் ஒரு கட்டத்தில் போடப்பட்ட குறி அது.

ஆனால் இனமே கேட்காத சூத்திரம் ஒன்று செய்ததுதான் என்னை அதிகம் கலங்கடித்தது. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும், யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருள்களை வைத்திருக்கின்றன. தனிச் செவிலியர், வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு, சீக்கிரமாக மருத்துவரைப் பார்க்கும் வசதி, இவையெல்லாம் அந்தக் கணிப்பில் மேலே வருகிறவர்களுக்குக் கிடைக்கும். அப்படிப்பட்ட ஒன்றை மருத்துவர் ஸியாத் ஓபர்மேயரும், இந்தியக் கிராமமொன்றில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும், வேறு இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்த்து 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மென்பொருளுக்கு நோயாளியின் இனம் கொடுக்கப்படவே இல்லை. அது கணித்தது ஒன்றே ஒன்றைத்தான்: வரும் ஆண்டில் இந்த ஆளுக்கு எவ்வளவு செலவாகும்? அதிகம் செலவாகிறவர் அதிகம் நோயுற்றவர் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அளவு நோய் உள்ள இருவரில் கறுப்பினத்தவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 டாலர் குறைவாகச் செலவாகியிருந்தது. அவர் நிபுணரிடம் போகவில்லை, போகச் சொல்லப்படவில்லை, போக வண்டி இல்லை, லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அவருடைய செலவு வேறு இடங்களில் கூடுதலாக இருந்தது: அவசரப் பிரிவில், டயாலிசிஸில். கிடைக்காமல் போன சிகிச்சையை, தேவைப்படாத சிகிச்சை என்று மென்பொருள் வாசித்தது. உடனடியாகக் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் கறுப்பினத்தவர் 17.7 சதவீதம், கணிப்பில் இந்தச் சாய்வு இல்லாதிருந்தால் 46.5 சதவீதம் இருந்திருப்பார்கள் என்று கண்டார்கள். ஒடுங்கிய படியால் அளப்பவர் திருடரல்ல என்றாலும் வாங்குகிறவர் வீட்டில் அரிசி குறையத்தான் செய்யும்.

இந்த இடத்தில் இனத்தையும் வறுமையையும் பிரித்தெடுக்க முயன்று தோற்றுப்போகிறேன். வறுமைதான் காரணம், பணம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அதே 2020 டிசம்பரில் இண்டியானாவில் ஒரு கறுப்பின மருத்துவர், தானே மருத்துவர், இன்சூரன்ஸ் உள்ளவர், கோவிட் படுக்கையில் மூக்கில் குழாயோடு தொலைபேசியைப் பார்த்துப் பேசினார். என் வலியை நம்பவில்லை, மருந்துக்கு மன்றாட வேண்டியிருந்தது, நான் வெள்ளையாக இருந்தால் இது நடந்திருக்காது என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்த மாதமே இறந்துபோனார். படிப்பும் பட்டமும் அந்தக் கட்டில்வரை கூடவே வந்து ஒன்றும் செய்யாமல் நின்றன. சரி, இனம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால், அப்பலாச்சிய மலைகளின் ஏழை வெள்ளைக்காரர்கள் பல்லை இழந்து, நுரையீரலில் நிலக்கரித் தூசியோடு, இலவச முகாம்களுக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்பதை எங்கே வைப்பது? கறுப்பர்கள் மருத்துவரை நம்புவதில்லை, அதனால் வருவதில்லை என்று ஒரு விளக்கம் அடிக்கடி எழுதப்படுகிறது. அலபாமாவின் டஸ்கேகியில் 1932-இலிருந்து 1972 வரை மேகப்புண் வந்த கறுப்பின ஆண்களை மருந்து கொடுக்காமலே கவனித்துக்கொண்டிருந்த கொடுமையைச் சான்று காட்டுவார்கள். அந்த அவநம்பிக்கை நியாயமானது. ஆனால் அந்த விளக்கத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. வராதது வராதவருடைய மனக்குறை என்று அது முடித்துவிடுகிறது. வர முயன்றவருக்கு எந்த வாசல் திறந்திருந்தது என்று கேட்பதில்லை.

மிசிசிப்பி ஆற்றின் டெல்டாவில், பருத்திக் காடுகளின் நடுவே, மவுண்ட் பயூ என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்கள் 1887-இல் உண்டாக்கிக்கொண்ட ஊர். வெள்ளையர் மருத்துவமனைகள் கறுப்பர்களுக்கு முன்வாசலைத் திறக்காத காலத்தில், கறுப்பர்களின் பரஸ்பர உதவிச் சங்கமொன்று சந்தா சேர்த்து 1942-இல் அங்கே டபோரியன் மருத்துவமனையைக் கட்டியது. 1946-இல் அமெரிக்க அரசு நாடெங்கும் மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்த சட்டத்திலேயே, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. 1963-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மூன்று ஆண்டு கழித்து, முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கேர் வந்தபோது, நிறவாரியாகப் பிரிக்கும் மருத்துவமனைக்கு இந்தப் பணம் கிடையாது என்றார்கள். நூறாண்டு வழக்கம், மனம் மாறாது, காலம் எடுக்கும் என்றெல்லாம் சொல்லப்பட்ட தடுப்புகள், சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் விழுந்தன. மனம் மாறும்வரை யாரும் காத்திருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமும் கோபமும் ஒன்றாக வருகின்றன. இவ்வளவு விரைவில் முடியக்கூடியது என்றால் அதற்கு முன் இருந்த ஒவ்வோர் ஆண்டும் யாரோ தேர்ந்தெடுத்த ஆண்டுதானே.

அதே மவுண்ட் பயூவில் 1967-இல் ஜாக் கைகர் என்ற மருத்துவர் ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தார். மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் போலெலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி நடத்திய நிலையத்தில் வேலை கற்றவர். டெல்டாவில் அவரிடம் வந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் தொற்றும் இருந்தன, அவற்றுக்கு அடியில் பசி இருந்தது. பருத்தி எடுக்க இயந்திரம் வந்து வேலை போன குடும்பங்கள் அவை. மருந்துச் சீட்டில் பால், இறைச்சி, காய்கறி என்று எழுதிக்கொடுத்தார்கள். இவ்வளவு பேருள்ள குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளவும் போட்டு. சீட்டைக் கொண்டுபோய்க் கறுப்பர்களின் மளிகைக் கடையில் கொடுத்தால் சாமான் கிடைக்கும், பில் சுகாதார நிலையத்தின் மருந்தகக் கணக்குக்கு வரும். தகவல் மேலே போய், மருந்துக்கான பணத்தில் மளிகை வாங்குவதா என்று அதிகாரிகள் கேட்டபோது, சத்துக்குறைவுக்கு நான் படித்த புத்தகத்தில் உணவுதான் மருந்து என்று சொன்னார் கைகர். கிணறு வெட்டினார்கள், கழிப்பிடம் கட்டினார்கள், குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து காய்கறி பயிரிட்டார்கள். அந்தக் கடைக்காரரின் கையில் இருந்திருக்கக்கூடிய சீட்டை நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். மேலே நோயாளியின் பெயர், கீழே மருத்துவரின் கையெழுத்து, நடுவே பால். எந்த மென்பொருளும் அப்படி ஒரு வரியை எழுதாது. எதிரே இருக்கும் உடம்பை நேராகப் பார்த்த ஒருவர் எழுதியது அது.

கைகர் 2020 டிசம்பர் கடைசியில் இறந்தார். மவுண்ட் பயூ நிலையம் இருக்கிறது; அதன் வழிவந்த சுமார் 1,400 சுகாதார அமைப்புகள் அமெரிக்கா முழுவதும் ஏழைகளைப் பார்க்கின்றன. ஆனால் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் இன்சூரன்ஸை விரிவாக்கும் திட்டம் 2014-இல் நடைமுறைக்கு வந்தபோது மிசிசிப்பி சேரவில்லை. செலவில் குறைந்தது பத்தில் ஒன்பது பங்கை ஒன்றிய அரசே தருகிறேன் என்றும் சேரவில்லை. அங்கே பிள்ளை இல்லாத, ஊனம் இல்லாத ஒரு கூலிக்காரர் எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கெய்டுக்குத் தகுதி பெற மாட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க முடியாமல், சர்க்கரையைப் பார்க்காமல், அவருடைய சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் போகும். போனபிறகு அரசு வரும்: சிறுநீரகம் செயலிழந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வயது பாராமல் டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டத்தை அமெரிக்கா 1972-இலேயே போட்டுவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல, கையில் தடித்த இரண்டு ஊசிகளோடு நாற்காலியில் சாய்ந்து கிடக்கலாம். சில டாலர் மாத்திரைக்குத் தகுதியில்லாதவர் ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் சிகிச்சைக்குத் தகுதி பெற்றுவிடுகிறார். அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கறுப்பினத்தவர். டயாலிசிஸ் நாற்காலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் நிற்க, சிறுநீரகத்தின் வேலைத்திறன் 20-க்கோ அதற்குக் கீழோ வர வேண்டும், அல்லது டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். பழைய சூத்திரத்தின்படி, வெள்ளையர் வரியில் 18 வந்த ஒருவர் அன்றே பெயர் கொடுக்க முடிந்தது. அதே ரத்தம் உள்ள கறுப்பினத்தவருக்கு 18-ஐ 1.159-ஆல் பெருக்கியதில் கிட்டத்தட்ட 21 வந்தது. இன்னும் மோசமாகட்டும், பிறகு வாருங்கள் என்று அதற்கு அர்த்தம் இருந்தது. 2021-இல் இனம் கேட்காத சூத்திரம் வந்தது. பிறகு உறுப்புமாற்று அமைப்பு, இதுவரை தாமதமானவர்களுக்குக் காத்திருந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2024 மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் வரிசையில் கூட்டப்பட்டன. மருத்துவ உலகம் தன் தவறை ஒப்புக்கொண்டு, பறித்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதைச் செய்தவர்களை மனதார வணங்குகிறேன். ஆனால் காலத்தைத் திருப்பித் தர ஆவணம் வேண்டும். இன்ன தேதியில் உங்களுக்குத் தகுதி இருந்தது என்பதை ஒரு பழைய ரத்தச் சோதனை முடிவைக் கொண்டு மருத்துவமனை நிரூபிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்து, மருத்துவரைப் பார்த்து, ரத்தம் கொடுத்தவருக்கு அந்தத் தாள் எங்கேயோ ஒரு கணினியில் கிடக்கும். டெல்டாவில் எங்கும் போகாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கால் வீங்கி மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரப்பட்டு, அன்றைக்கே டயாலிசிஸில் போடப்பட்டவருக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. அவருடைய காத்திருப்பு அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.